எலியின் தராசும் பெரியப்பாவின் இரவும்

சில வாரங்களுக்கு முன் பெரியப்பா தொலைபேசியில் அழைத்து, ஒரு செய்தியை வரி பிசகாமல் வாசித்துக் காட்டினார். ஒரு தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த சேர்மம், எலிகளின் வீங்கிய புராஸ்டேட் சுரப்பியை நான்கே வாரங்களில் கணிசமாகச் சுருக்கிவிட்டது என்பதுதான் செய்தியின் சாரம். வாசித்து முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எலிக்குக் குறைந்திருக்கிறதே, எனக்குக் குறையாதா?" இரவில் நான்கு முறை எழுந்து கழிப்பறைக்குப் போய்வரும் 72 வயதுக்காரர் அப்படிக் கேட்பதில் தவறேதும் இல்லை. என்னைத் தேடிக் கேட்டதற்கும் காரணம் உண்டு. மருந்தியல் முதுநிலைப் படிப்பின்போது ஏறத்தாழ ஓராண்டுக் காலம், இதே நோய்க்காக, இதே வகை எலிகளுக்கு, பீட்டா-சிட்டோஸ்டெரால் என்னும் தாவரச் சேர்மத்தை ஊட்டிக்கொண்டிருந்தவன் நான்.

மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் அன்று சொல்லிவைத்தேன். ஏன் என்பதை விளக்கத் தொலைபேசி உரையாடல் போதவில்லை. அந்த விலங்குக் கூடத்தில் நாங்கள் எதை அளந்தோம், எதை அளக்கவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

புராஸ்டேட் சுரப்பி ஆண்களின் சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. இளம் வயதில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். வயது ஏற ஏற, குழாயை ஒட்டிய உட்பகுதியில் திசு பெருகி, சிறு சிறு முடிச்சுகள் உருவாகின்றன. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும், எண்பதைக் கடந்தவர்களில் பெரும்பாலோரிடமும் இந்தப் பெருக்கத்தை நுண்ணோக்கியில் காணலாம். இது புற்றுநோய் இல்லை. நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கும் நோயாளி படும் தொல்லைக்கும் நேரான தொடர்பும் இல்லை. பெரிய சுரப்பியை வைத்துக்கொண்டு விடியும்வரை தூங்குபவர்களும் இருக்கிறார்கள், சிறிதளவே வீங்கிய சுரப்பியோடு இரவெல்லாம் எழுந்து நடப்பவர்களும் இருக்கிறார்கள். சுரப்பியின் பருமனோடு, அதன் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, சிறுநீர்ப்பை எவ்வளவு களைத்திருக்கிறது என்பவையும் சேர்ந்தே அந்த இரவுகளைத் தீர்மானிக்கின்றன.

இந்தச் சுரப்பியைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு விலங்குகளிடமிருந்தே வந்தது. 1893இல் ஜே. வில்லியம் வைட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், விதை நீக்கப்பட்ட நாய்களில் புராஸ்டேட் சுருங்குவதைக் கண்டு, அதே அறுவையை முதிய ஆண்களுக்கும் பரிந்துரைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அவ்வாறு அறுவை செய்துகொண்ட 111 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். சிறுநீர் தடையின்றிப் போவதற்காக அத்தனை பேர் அதற்கு இணங்கினார்கள் என்பதை நினைக்கும்போது, அக்காலத்தில் இந்த நோய் எவ்வளவு கொடியதாக இருந்திருக்க வேண்டும் என்பது புரிகிறது. பின்னர் சார்லஸ் ஹக்கின்ஸ், நாய்களின் புராஸ்டேட் சுரப்பைத் தனியே சேகரித்து அளக்கும் முறையை உருவாக்கி, அந்தச் சுரப்பு ஆண் ஹார்மோனைச் சார்ந்தே ஏறி இறங்குகிறது என்று காட்டினார். அந்த வழியில் தொடர்ந்து சென்றதுதான் புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சையும், 1966இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசும்.

எலிகளின் முறை 1968இல் வந்தது. புருச்சோவ்ஸ்கி, வில்சன் ஆகிய இருவரும், எலியின் உடலில் செலுத்தப்பட்ட, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் புராஸ்டேட்டுக்குள் அப்படியே வேலை செய்வதில்லை என்றும், அங்கே டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன் என்ற வீரியம் மிகுந்த வடிவமாக மாறுகிறது என்றும் கண்டார்கள். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி 5-ஆல்ஃபா ரிடக்டேஸ். 1974இல், டொமினிக்கன் குடியரசில் பிறவியிலேயே இந்நொதி குறைந்திருந்த ஒரு கூட்டத்தாரைப் பற்றிய ஆய்வு வெளியானது. அவர்களில் வளர்ந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. நொதியை மருந்தால் தடுத்தால் சுரப்பி சுருங்கும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்று, 1992இல் ஃபினாஸ்டிரைடு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெரியப்பா விழுங்கும் இரண்டு மாத்திரைகளில் ஒன்று அதுதான். இன்னொன்று டாம்சுலோசின். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் என் வாதத்தில் பாதி அந்தச் சிறு மாத்திரைக்குள் இருக்கிறது.

தாவரச் சேர்மங்களைச் சோதிப்போர் அனைவரும் ஏறத்தாழ ஒரே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். வளர்ந்த ஆண் எலிகளை எடுத்து, பெரும்பாலும் அவற்றின் விதைகளை நீக்கி, சில நாள்கள் ஆறவிட்டு, டெஸ்டோஸ்டீரோன் புரோபியோனேட்டை எண்ணெயில் கரைத்து, தோலுக்கடியில் நாள்தோறும் ஊசியால் செலுத்துவார்கள். இந்த ஊசி வழக்கமாக 28 நாள்கள் தொடரும். ஒரு குழுவுக்கு ஊசி மட்டும், ஒரு குழுவுக்கு ஊசியோடு ஃபினாஸ்டிரைடு, வேறு இரண்டு மூன்று குழுக்களுக்கு ஊசியோடு தாவரச் சேர்மம் வெவ்வேறு அளவுகளில். இவை தவிர, மயக்கமருந்து கொடுத்து வயிற்றை அறுத்துத் தைத்தும் விதையை நீக்காமல் விட்டுவிட்ட ஒரு குழுவும் உண்டு. அறுவையால் மட்டுமே நேரக்கூடிய மாற்றங்களைப் பிரித்தறிய அது தேவை. இறுதி நாளில் எலிகளை எடைபோட்டு, வலியின்றிக் கொன்று, புராஸ்டேட்டை வெட்டியெடுத்து, அதையும் எடைபோடுவார்கள். புராஸ்டேட்டின் எடையை உடலின் எடையால் வகுத்து வரும் எண்ணே புராஸ்டேட் குறியீடு. செய்தித்தாளில் "40 சதவீதம் குறைந்தது" என்பது போல வரும் எண்ணெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தலிலிருந்து பிறப்பவை.

எழுதும்போது எளிதாகத் தெரியும் இவ்வேலை, கையில் எடுக்கும்போது அப்படி இருப்பதில்லை. எலியின் புராஸ்டேட் மனிதனுடையதைப் போல ஒரே உருண்டையாக இராது. முன்புறம், முதுகுப்புறம், பக்கவாட்டில் என்று தனித்தனி மடல்களாகப் பிரிந்து, சிறுநீர்ப்பையின் அடியைச் சுற்றிக் கிடக்கும். சில மடல்கள் விந்துப்பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சுற்றிலும் கொழுப்பு படிந்திருக்கும். எங்கே வெட்டுவது என்பது கத்தரி பிடித்திருப்பவரின் கையைப் பொறுத்தது. மடலில் ஒரு சிறு கிழிசல் விழுந்தாலும் உள்ளிருக்கும் நீர்மம் வடிந்து எடை மாறிவிடும். எந்த எலி எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது வெட்டுபவருக்குத் தெரிந்திருந்தால், மருந்து பெற்ற எலியிடம் கொழுப்பை இன்னும் சற்றுக் கவனமாகச் சுரண்டியெடுக்கத் தோன்றும். இதில் நேர்மைக் குறைவு ஏதும் இல்லை. மனித இயல்பு அப்படி. அதனால்தான் குழுவின் பெயரில்லாமல் எண் மட்டுமே எழுதப்பட்ட கூண்டு அட்டை வேண்டும் என்று என் வழிகாட்டி பிடிவாதமாக நின்றார். வெளியாகும் கட்டுரைகளைப் படிக்கும்போது, எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, வெட்டியவருக்குக் குழு தெரியாமல் மறைத்தார்களா என்பதைத்தான் இன்றும் நான் முதலில் தேடுகிறேன். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கான ஏரைவ் வழிகாட்டுதல்கள் 2010இலேயே வந்துவிட்டன, 2020இல் புதுப்பிக்கவும் பட்டன. ஆனாலும் அந்த இரு வரிகளைத் தேடித் தேடிக் கிடைக்காமல் போவது இன்னும் நிகழ்கிறது.

என் சொந்தத் தவறு வேறொரு இடத்தில் நிகழ்ந்தது. மருந்தை எலியின் வாய்வழியே வளைந்த ஊட்டுகுழலால் நேரே இரைப்பைக்குள் இறக்க வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் என் கை பழகவில்லை. மிக அதிக அளவு பெற்ற குழுவின் மருந்துக் கலவை மிகவும் கெட்டியாக இருந்ததால், அந்த எலிகள்தான் என்னிடம் அதிகம் துன்பப்பட்டன. அவை தீனியைக் குறைத்தன, எடை இழந்தன. இறுதிக் கணக்கில் அந்தக் குழுவின் புராஸ்டேட் எடை குறைந்திருந்தது, ஆனால் உடலும் மெலிந்திருந்ததால் குறியீட்டில் அந்தக் குறைவு காணவில்லை. சேர்மம் வேலை செய்ததா, என் கை வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. இரண்டு எண்களையும் மறைக்காமல் அட்டவணையில் எழுதி, கீழே காரணத்தையும் எழுதினோம். தேர்வாளர் அந்த அடிக்குறிப்பைப் படித்துவிட்டுச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

சேர்மத்தைப் பற்றியே சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் தாவரத்திலிருந்து வருவது என்பதற்காகவே சில சிக்கல்கள் கூடுதலாக வருகின்றன. பீட்டா-சிட்டோஸ்டெரால் தாவரங்களின் கொலஸ்டிரால் என்று சொல்லத்தக்கது. மூலக்கூறில் ஒரே ஒரு சிறு கரிமத் தொகுதிதான் கூடுதல். விதைகளிலும் கொட்டைகளிலும் எண்ணெய்களிலும் அது பரவிக் கிடக்கிறது. விற்பனைக்குக் கிடைப்பதில் கேம்பெஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால் ஆகிய உறவினர்களும் கலந்தே இருக்கும். புட்டியில் எழுதியிருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் பொருளும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்பதை முதலில் அளந்தாக வேண்டும். அடுத்தது கரைதிறன். இது நீரில் கரையாது, ஆகவே எண்ணெயில் கலந்து ஊட்டலாம் என்றுதான் நாங்களும் தொடங்கினோம். சோள எண்ணெயை எடுத்து வைத்த பிறகுதான் மூத்த மாணவி ஒருவர், சோள எண்ணெயிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு தாவர ஸ்டெரால் இருக்கிறதே, அதில் பெரும்பகுதி சிட்டோஸ்டெரால்தானே என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 250 கிராம் எடையுள்ள எலிக்கு ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் ஊட்டினால், அந்த எண்ணெய் மட்டுமே சில மில்லிகிராம் சிட்டோஸ்டெராலைக் கொடுத்துவிடும். அதாவது, மருந்தே பெறாத குழு என்று நாங்கள் எழுதிவைத்திருந்த எலிகள், குறைந்த அளவு மருந்து பெறும் குழுவுக்கு இணையாக மருந்தை உண்டிருக்கும். அன்றே எண்ணெயைக் கைவிட்டு, கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கரைசலுக்கு மாறினோம். என் கைக்குப் பகையான அந்தக் கெட்டித்தன்மை அங்கிருந்துதான் வந்தது.

தீனியிலும் இதே சிக்கல் காத்திருந்தது. ஆய்வக எலிகளுக்கான தீவன உருண்டைகள் பலவற்றில் சோயா இருக்கும். சோயாவின் ஐசோஃப்ளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல ஓரளவு நடந்துகொள்பவை. ஹார்மோனால் வளரும் சுரப்பியை ஆராயும்போது, நாள்தோறும் உண்ணும் உணவிலேயே ஹார்மோன் சாயல் கொண்ட பொருள் இருந்தால், அதன் மேல் வைத்து எதை அளப்பது? குறைந்த பட்சம் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மூட்டைத் தீனி என்றாவது இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் "வழக்கமான தீவனம்" என்ற இரு சொற்களில் இதைக் கடந்துபோய்விடுகின்றன.

இவ்வளவு முயன்று ஊட்டினாலும் குடல் அதை உள்ளே விடுவதில்லை என்பது இன்னொரு செய்தி. மனிதர்கள் உண்ணும் கொலஸ்டிராலில் ஏறத்தாழப் பாதி உறிஞ்சப்படுகிறது, சிட்டோஸ்டெராலிலோ 5 சதவீதத்துக்கும் குறைவு. குடற்சுவரில் ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இரண்டு புரதங்கள் காவலர்களைப் போல நின்று, உள்ளே நுழைந்த தாவர ஸ்டெராலைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடுகின்றன. சோதனைக் குழாயில் ஒரு தாவரச் சேர்மம் 5-ஆல்ஃபா ரிடக்டேஸைத் தடுத்தது என்று படிக்கும்போதெல்லாம், அந்தச் செறிவு ஓர் உயிரின் புராஸ்டேட்டுக்குள் என்றாவது எட்டுமா என்ற கேள்வியை நான் கூடவே வைத்துக்கொள்வது இதனால்தான்.

இனி, பெரியப்பாவின் செய்தியில் இருந்த "சுருக்கிவிட்டது" என்ற சொல்லுக்கு வருகிறேன். செய்தியின் அடிப்படையான கட்டுரையைத் தேடியெடுத்துப் படித்தேன். டெஸ்டோஸ்டீரோன் ஊசியும் தாவரச் சேர்மமும் ஒரே நாளில் தொடங்கி, ஒரே நாளில் முடிந்திருந்தன. எங்கள் ஆய்விலும் அப்படித்தான். இத்துறையில் பெரும்பாலான ஆய்வுகள் அப்படித்தான். அந்த எலிகளின் சுரப்பி ஒருபோதும் முதலில் வீங்கிப் பிறகு சுருங்கவில்லை. வீங்கியிருக்க வேண்டிய அளவுக்கு அது வீங்கவில்லை, அவ்வளவுதான். வளர்ச்சியைத் தடுப்பதும் வளர்ந்ததைக் கரைப்பதும் வெவ்வேறு வேலைகள். மருத்துவரிடம் வரும் முதியவரின் சுரப்பி இருபது முப்பது ஆண்டுகளாக மெல்ல வளர்ந்து, நார்த்திசுவும் தசையும் பின்னிய முடிச்சுகளாக ஆகிவிட்ட ஒன்று. நான்கு வார ஊசியில் எலிக்கு வருவதோ, பெரும்பாலும் சுரப்பியின் உள்வரிச் செல்கள் மட்டும் கொழுத்துப் பெருகுவது. நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய ஓரவரிசையாக இருக்க வேண்டிய செல்கள் உயர்ந்து, மடிந்து, குழியின் நடுவை நோக்கி விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். ஊசியை நிறுத்தினாலே அந்த வளர்ச்சி வடியத் தொடங்கிவிடும். முதிய ஆண்களின் முடிச்சுகளுக்கு அப்படி நிறுத்திவிட ஓர் ஊசி இல்லை.

இங்கே ஒரு சிறு விலகல். எலிகளின் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு குறைந்தது என்று எழுதும் கட்டுரைகள் சில கண்ணில் படுகின்றன. மனிதர்களில் புராஸ்டேட் நோய்களைக் கண்காணிக்க உதவும் அந்தப் புரதத்துக்கான மரபணு எலிகளிடம் இல்லை. மனிதனுக்கு நெருங்கிய சில குரங்கினங்களிடம்தான் இருக்கிறது. அந்தச் சோதனைப் பெட்டி அந்த எலிகளிடம் எதை அளந்தது என்பது எனக்கு இன்றுவரை வியப்புதான். இப்படி ஒரு வரியைக் கண்டால் மீதிக் கட்டுரையையும் நான் சந்தேகக் கண்ணோடுதான் படிக்கிறேன்.

டாம்சுலோசினைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அது புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்தும் மருந்து. சில நாள்களிலேயே சிறுநீர் எளிதாகப் போகத் தொடங்கும். சுரப்பியின் பருமனை அது குறைப்பதில்லை. ஃபினாஸ்டிரைடு சுரப்பியின் பருமனில் நான்கில் ஒரு பங்கு வரை குறைக்கும், ஆனால் அதன் பயனை நோயாளி உணர ஆறு மாதங்கள்கூட ஆகலாம். இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். உலகெங்கும் நோயாளிகள் நம்பி விழுங்கும் டாம்சுலோசினை, யாரும் பெயரே அறியாத ஒரு தாவரச் சேர்மமாக எங்கள் எலிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? எடைபோட்டுப் பார்த்து, பயனற்றது என்று எழுதி, புட்டியைக் குப்பையில் போட்டிருப்போம். எங்கள் தராசுக்குத் தெரிந்தது ஹார்மோன் வழி ஒன்றுதான். அந்த வழியில் வராத நிவாரணத்தைக் காண அதற்குக் கண் இல்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம், நான் ஊட்டிய அதே சேர்மத்திடமே இருக்கிறது. 1995இல் ஜெர்மனியில் 200 நோயாளிகளிடம், போலி மருந்தோடு (மருந்துப் பொருளே இல்லாத, பார்வைக்கு மட்டும் மருந்து போன்றதோடு) ஒப்பிட்டு, எது யாருக்கு என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைத்து, ஆறு மாதங்கள் நடந்த ஆய்வில், பீட்டா-சிட்டோஸ்டெரால் ஒரு வேளைக்கு 20 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுக்கப்பட்டது. சிறுநீரின் உச்ச வேகம் நொடிக்கு 9.9 மில்லிலிட்டரிலிருந்து 15.2 ஆக உயர்ந்தது. போலி மருந்து பெற்றவர்களிடம் 10.2இலிருந்து 11.4 வரைதான். தொல்லைகளின் மதிப்பெண்ணும் குறைந்தது. ஆனால் புராஸ்டேட்டின் பருமன் இரு குழுவிலும் சொல்லத்தக்க அளவு குறையவில்லை. நாங்கள் ஓராண்டாக எலிகளிடம் எதைத் தேடினோமோ, அது மனிதர்களிடம் நிகழவே இல்லை. நாங்கள் தேடாத ஒன்று அவர்களிடம் நிகழ்ந்திருந்தது. நான் இந்த ஆய்வைப் படித்தது ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஆய்வை வைத்து அந்தச் சேர்மத்துக்கு நற்சான்றிதழ் வழங்கவும் முடியாது. ஆறு மாதம் என்பது இந்த நோய்க்குக் குறுகிய காலம். சா பால்மெட்டோ என்ற குட்டைப் பனையின் பழச்சாறு இதே நோய்க்கு மிகப் பரவலாக விற்கப்பட்டு, தொடக்க ஆய்வுகளில் நன்றாகவே தோன்றியது. பிறகு 2006இல் 225 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில் அது போலி மருந்தை விஞ்சவில்லை. அளவு போதவில்லையோ என்று எண்ணி, வழக்கமான அளவில் தொடங்கி மூன்று மடங்கு வரை உயர்த்திய இன்னோர் ஆய்வு 369 பேரிடம் நடந்து 2011இல் வெளியானது. சாறு பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 2.20 புள்ளிகள் குறைந்தது. போலி மருந்து பெற்றவர்களுக்கு 2.99 புள்ளிகள் குறைந்தது. வெறும் உருண்டையை விழுங்கியவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். இரவில் எத்தனை முறை எழுந்தோம் என்ற கணக்கை, ஏதோ ஒரு மருந்தை உண்கிறோம் என்ற நம்பிக்கையே மாற்றிவிடும் நோய் இது. அந்த நம்பிக்கையை எலியிடம் அளக்க இயலாது என்பதைக் குறையாகச் சொல்லலாம், நிறையாகவும் சொல்லலாம்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். எலிக்குக் கொடுத்த மில்லிகிராமை அப்படியே மனித எடைக்குப் பெருக்கக் கூடாது. உடற்பரப்பை வைத்துக் கணக்கிடும் வழக்கமான முறையில், எலிக்கான அளவை 6.2ஆல் வகுத்தால்தான் மனிதனுக்கான அளவு கிடைக்கும். பெரியப்பா படித்த ஆய்வில் எலிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 970 மில்லிகிராமாக வரும். அவர் வாங்க நினைத்த மாத்திரையில் எழுதியிருந்ததோ 50 மில்லிகிராம். இதே கணக்கை ஃபினாஸ்டிரைடுக்குப் போட்டால் வேறொரு வேடிக்கை தெரியும். எலிகளுக்குப் பல ஆய்வுகளில் கொடுக்கப்படும் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது மனிதக் கணக்கில் 48 மில்லிகிராம். நோயாளி உண்பது நாளுக்கு 5 மில்லிகிராம். ஒப்பீட்டு மருந்தாக நிறுத்தப்படுவதே இவ்வளவு வேறுபட்ட அளவில் இருக்கும்போது, "ஃபினாஸ்டிரைடுக்கு இணையாகச் செயல்பட்டது" என்ற வாக்கியத்தை நிதானமாகத்தான் படிக்க வேண்டும்.

எலியை விட்டால் வேறு விலங்கு இல்லையா என்று கேட்கலாம். நாய் இருக்கிறது. வயதாகும்போது மனிதனைப் போலத் தானாகவே புராஸ்டேட் வீங்கும் வளர்ப்பு விலங்கு நாய்தான். விதை நீக்கப்படாத ஆண் நாய்களில், ஐந்து வயதைக் கடந்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இது வந்துவிடுகிறது. ஊசி தேவையில்லை, நோய் தானே வருகிறது, ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. ஆனால் அங்கேயும் முழு ஒற்றுமை இல்லை. நாயின் சுரப்பி வெளிப்புறம் நோக்கிப் பருத்து மலக்குடலை அழுத்தும். அதனால் அது மலம் கழிக்க முக்கும், மலம் தட்டையாக வரும், குறியிலிருந்து இரத்தத் துளிகள் சொட்டும். சிறுநீர் அடைபடுவது அரிது. அதாவது, பெரியப்பாவின் தொல்லையை நாயிடமும் நேரடியாகப் பார்க்க முடியாது. பருமனை மட்டும் நம்பகமாகப் பார்க்கலாம். அதற்கும் நாயைக் கொல்ல வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்ட் கருவியால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி, 0.523ஆல் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். அதே நாயை மருந்துக்கு முன்னும், ஒரு மாதம் கழித்தும், ஆறு மாதம் கழித்தும் அளந்து, அதையே அதனோடு ஒப்பிடலாம். எலியிடம் ஒரே ஒரு முறைதான் எடைபோட முடியும்.

வளர்ப்பவரின் இசைவோடு, ஏற்கெனவே நோயுற்ற வயதான நாய்களிடம், குலுக்கல் முறையில் பிரித்து, மருந்து எது போலி எது என்று வளர்ப்பவருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்து நடத்தும் ஆய்வையே நான் எலி ஆய்வுகளைவிட மதிக்கிறேன். வளர்ப்பவரிடமும் மறைப்பது ஏன் என்றால், போலி மருந்தின் நம்பிக்கை நாய்க்கு வராவிட்டாலும் அதை வளர்ப்பவருக்கு வந்துவிடும், "இப்போது முக்குவது குறைந்திருக்கிறது" என்று அவர் மனமாரச் சொல்வார். நாய்களுக்கென்றே இதைப் பார்த்தால், எந்தத் தாவரச் சேர்மத்துக்கும் கடுமையான போட்டியாளர் ஒன்று உண்டு. விதைநீக்க அறுவை செய்தால் சில வாரங்களிலேயே சுரப்பி பாதிக்கு மேல் சுருங்கிவிடும், நோயும் திரும்புவதில்லை. ஆகவே இனப்பெருக்கத்துக்காக வைத்திருக்கும் நாய்களுக்கும், மயக்கமருந்தைத் தாங்காத முதிய நாய்களுக்கும்தான் மருந்து தேவைப்படுகிறது. இனப்பெருக்க நாய் என்றால் சுரப்பி சுருங்கினால் மட்டும் போதாது, விந்தணு குறையாமலும் இருக்க வேண்டும். ஹார்மோன் வழியில் குறுக்கிடும் எந்தப் பொருளும், அது இலையிலிருந்து வந்தாலும் வேரிலிருந்து வந்தாலும், இந்தச் சோதனையிலிருந்து தப்பிக்கக் கூடாது. கருவுற்ற பெண்கள் உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையைத் தொடக் கூடாது என்ற எச்சரிக்கை, வயிற்றில் வளரும் ஆண் கருவின் பிறப்புறுப்பு அதே நொதியை நம்பி உருவாவதால் வந்தது. ஒரு தாவரச் சேர்மம் உண்மையிலேயே அந்த நொதியைத் தடுக்கிறது என்றால், அந்த எச்சரிக்கையும் அதனோடு சேர்ந்தே வர வேண்டும். வலிமையை மட்டும் விளம்பரத்தில் எழுதி, எச்சரிக்கையை விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று அந்த எலி ஆய்வை மீண்டும் செய்யச் சொன்னால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். முதல் நான்கு வாரங்கள் ஊசியை மட்டும் போட்டு, சுரப்பி வீங்கிவிட்டதை ஒரு சிறு குழுவைக் கொன்று உறுதிப்படுத்திக்கொண்டு, அதன் பிறகே, ஊசியைத் தொடர்ந்தபடி, சேர்மத்தைத் தொடங்குவேன். எடையோடு நிறுத்தாமல், சிறுநீர்ப்பையின் அழுத்தத்தையும், எலி எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் கழிக்கிறது என்பதையும் அளப்பேன். கூண்டுக்கடியில் தாள் விரித்து ஈரப்புள்ளிகளை எண்ணும் பழைய முறைகூடப் போதும். ஒப்பீட்டுக்கு ஃபினாஸ்டிரைடோடு டாம்சுலோசினையும் ஒரு குழுவாக வைப்பேன்.

இதற்கு எலிகள் கூடுதலாக வேண்டும், காலமும் இரு மடங்காகும். விலங்குகளைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும், முடியாதபோது எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், துன்பத்தைத் தணிக்க வேண்டும் என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மூன்று நெறிகளின்படிதான் நெறிமுறைக் குழுக்கள் கேள்வி கேட்கும். கூடுதல் எலிகளுக்கான காரணத்தை நான் அங்கே எழுதியாக வேண்டும். எழுதிவிடலாம் என்றே நினைக்கிறேன். தவறான கேள்விக்கு விடைதேடி, சிறிய எண்ணிக்கையில் திரும்பத் திரும்பக் கொல்லப்படும் எலிகளையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் விண்ணப்பம் அவ்வளவு பலவீனமாக இராது.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சுருக்கி மீண்டும் ஒருமுறை பேசினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அந்த எலிகள் இரவில் எத்தனை முறை எழுந்தன என்று யாராவது எண்ணினார்களா என்று கேட்டார். எலிகள் இரவில்தான் விழித்திருக்கும் என்றேன். அப்படியானால் அவற்றிடம் கேட்டுப் பயனில்லை என்று சொல்லிவிட்டு, மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று தொலைபேசியை வைத்தார்.